மகளுக்குத் துணையாகச் செல்வோம்



பள்ளியில் மாணவிகளை மலையேற்ற முகாமுக்கு அழைத்துச் சென்றபோது, பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளை நான் அனுப்பவில்லை. "மஹ்ரம் இல்லாமல் வெளியூரில் இரவு தங்குவது கூடாது" என்று சொல்லி முடித்துவிட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, "அப்படியானால் நீங்கள் என்னை அழைத்துப் போகலாமே அத்தா?" என்று மட்டும் கேட்டாள். கடை, வேலை, முழங்கால் வலி ஆகிய சாக்குகளைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

மஹ்ரம் துணையின்றிப் பெண் பயணம் செய்யலாகாது என்னும் நபிமொழியை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள அந்த ஹதீஸின் பிற்பகுதியை எத்தனை பேர் சொல்கிறோம்? அதைக் கேட்ட ஒரு தோழர் எழுந்து, தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டதையும், தம் பெயர் ஒரு போருக்குப் பதிவாகியிருப்பதையும் தெரிவிக்கிறார். மனைவியைத் திருப்பி அழைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறவில்லை. மனைவியோடு சென்று ஹஜ் செய்யுமாறு அவரையே பணித்தார்கள். போருக்குச் செல்லவிருந்தவரையே மனைவிக்குத் துணையாக அனுப்பிய அக்கட்டளைக்கு முன் என் கடை வியாபாரம் எம்மாத்திரம்?

சென்ற அக்டோபரில் நாங்கள் இருவரும் இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவுக்குச் சென்றோம். அங்குள்ள மெக்லியோட்கஞ்சிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் ஏறினால் திரியுண்ட் என்னும் புல்மேடு வரும். உயரம் 2,800 மீட்டருக்குச் சற்று மேல். வழியில் தேநீர்க் கடைகள் உண்டு. முதன்முறை முதுகுப்பையோடு ஏறுவோருக்கு ஏற்ற பாதை. நானோ அனுபவமின்றி இரண்டு கம்பளிப் போர்வை, மூன்று மாற்றுடை, ஒரு கிலோ முறுக்கு என்று பையை நிரப்பியிருந்தேன். இருபத்திரண்டு வளைவுகள் எனப்படும் கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கிப் பாறைமீது அமர்ந்துவிட்டேன். மகள் ஒன்றும் சொல்லாமல் போர்வைகளைத் தன் பைக்கு மாற்றிக்கொண்டாள். "மெதுவாக வாருங்கள் அத்தா, மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்றாள். துணையாகச் சென்றவன் நான்; துணையாக இருந்தவள் அவள்.

மேலே தண்ணீர் அரிது. கடையில் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பதை ஓதியிருக்கிறேனே தவிர, ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. ஒரு லிட்டர் பாட்டிலில் பாதிக்குமேல் மிச்சம் வைத்து மகள் உளூச் செய்து முடித்தபோது, வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு நிற்கும் என்னை நினைத்து வெட்கினேன். வடக்கே தவ்லாதார் மலைத்தொடர் சிவந்து கொண்டிருக்க, மேற்கு நோக்கி மஃரிபை ஜமாஅத்தாகத் தொழுதோம்.

அன்றிரவு கூடாரத்தில் குளிரால் உறக்கம் வரவில்லை. நெடுநேரம் பேசினோம். வெளியூரில் உள்ள கல்லூரிக்கு அனுப்பமாட்டேன் என்று தானாகவே முடிவுசெய்து, தான் படிக்க விரும்பிய பாடத்தையே ஓராண்டாக என்னிடம் மறைத்திருந்ததை அவள் அப்போதுதான் சொன்னாள். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போனது. அக்கல்லூரி குறித்து இப்போது விசாரித்து வருகிறேன்.

"வயதுப் பெண்ணை மலைக்கு அழைத்துச் செல்வதா?" என்று உறவினர் சிலர் கேட்டனர். ஹிஜாப் இருந்தது, தொழுகை தவறவில்லை, பெற்ற தந்தை உடனிருந்தேன். இதில் தடுக்கப்பட்டது எது? பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயமே ஓடியிருக்கிறார்கள் என்பதை அபூதாவூதில் காண்கிறோம்.

செல்ல விரும்புவோர் ஒரு மாதம் முன்பிருந்தே நடந்து பழகுங்கள். பையின் கனத்தைக் குறையுங்கள். இரவு தங்க அனுமதி உண்டா, வானிலை எப்படி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இமயம் வரை செல்ல வேண்டும் என்பதும் இல்லை. அருகிலுள்ள மலையூரில் ஓர் இரவு தங்கினாலும் போதும்.

மஹ்ரம் பற்றிய சட்டத்தைச் சொல்லி மகளை நிறுத்தும் தந்தையர், அதே சட்டம் தம்மை எழுந்து புறப்படச் சொல்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பெண்மக்களுக்கு நல்ல துணையாக நம்மை அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.