இரண்டு நாற்காலி, ஓர் ஆள்



விமானம் விழுந்தால் முதலில் விமானியைத் திட்டுகிறோம்; அடுத்து, தரையிலிருந்து வழி சொன்னவரை. அவருக்கு யார் டூட்டி போட்டார்கள், பக்கத்து நாற்காலி ஏன் காலியாக இருந்தது என்று கேட்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

2002 ஜூலை 1 இரவு. தெற்கு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலுள்ள வான்பரப்பு, சுவிட்சர்லாந்தின் சூரிச் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் இருந்தது. டூட்டியில் இரண்டு கட்டுப்பாட்டாளர்கள். ஒருவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார். இரவில் அப்படிப் போவது அங்கே வழக்கம்தான். நிர்வாகத்துக்கும் தெரியும், கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கென்று பார்த்துப் பராமரிப்பு வேலை வேறு. மோதல் எச்சரிக்கை திரையில் வராது. தொலைபேசியின் பிரதான இணைப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். மாற்று இணைப்போ பழுது.

மிஞ்சிய ஒருவர் இரண்டு திரைகளுக்கு நடுவே அல்லாடினார். தாமதமாக வந்த ஏர்பஸ் ஒன்றை ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபெனில் இறக்கியாக வேண்டும். அந்த விமான நிலையத்துக்கு போன் போடுகிறார், போகவில்லை, மறுபடி போடுகிறார். அந்த நேரத்தில் அடுத்த திரையில், ஒரே உயரத்தில் இரண்டு விமானங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சூரிச்சை அழைத்தார்கள். லைன் கிடைக்கவில்லை.

அவர் கவனித்தபோது ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. ரஷ்ய டுப்போலெவ் விமானத்தை இறங்கச் சொன்னார். அதே விமானத்தில் இருந்த, மோதலைத் தவிர்க்க வழி சொல்லும் டிகாஸ் கருவி ஏறச் சொன்னது. குறுக்கே வந்த சரக்கு விமானத்தின் கருவி, சரியாகவே, அதை இறங்கச் சொன்னது. டுப்போலெவ் விமானிகள் மனிதக் குரலை நம்பினார்கள். இரண்டும் இறங்கின. 71 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் ஸ்பெயினுக்குச் சுற்றுலா கிளம்பிய பிள்ளைகள்.

அப்படி ஒரு நேரத்தில் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்பது, அதன் பிறகுதான் ஐயத்துக்கு இடமில்லாத விதியானது. 2004இல், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர், அந்தக் கட்டுப்பாட்டாளரை அவருடைய வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றார். 2007இல் சுவிஸ் நீதிமன்றம் சூரிச் மையத்தை நடத்திய நிறுவனத்தைச் சேர்ந்த நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது, நிர்வாகத்தில் இருந்தவர்கள். இந்தத் தீர்ப்பு வருவதற்குள் அந்தக் கட்டுப்பாட்டாளர் போய்விட்டார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஆள் குறைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் 67 பேரைப் பலிகொண்ட விமான-ஹெலிகாப்டர் மோதலின்போதும், ஹெலிகாப்டர்களுக்கென்று தனியாக ஒருவர் பார்க்க வேண்டிய வேலை இன்னொருவர் தலையில்தான் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

நம் வாசகர்களில் சென்னையிலோ திருச்சியிலோ மதுரையிலோ இந்த வேலை பார்ப்பவர்கள் இருக்கலாம். இரவு ஷிஃப்ட் எப்படிப் போகிறது, எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்