கணினிகளை ஒப்புநோக்கும் நெறி

நமது கல்லூரிக் கணினிக்கூடத்திற்குப் புதிய பொறிகள் வழங்க முன்வந்துள்ள பழைய மாணவரிடையே ஒரு வழக்கு எழுந்துள்ளது. இன்ரெல், ஏ.எம்.டி. நிறுவனங்களின் எக்ஸ்86 முறைவழியாக்கியே சிறந்தது என்பர் ஒரு சாரார். ஆர்ம் கட்டமைப்பே சிறந்தது என்பர் மறு சாரார். இரு திறத்தாரும் எண்களைக் காட்டுகின்றனர். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என வினவுவாரும் உளர். ஒப்புநோக்கலும் புள்ளியிடலும் நம் அன்றாடத் தொழிலாதலின் சில கூறுவோம்.

முதலாவது, கடிகார வேகம். 2000 நவம்பரில் 1.5 கிகாஹேர்ட்ஸ் வேகத்துடன் பென்ரியம் 4 வெளிவந்தது. எனினும் 1 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் III பல நிரல்களில் அதற்கு ஈடுகொடுத்தது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகின்றது என்பதே பொருள். நொடிக்கு எத்தனை அறிவுறுத்தல் என எண்ணுவதும் அத்தகையதே. ஏழு சீரில் குறள் சொல்லி முடிப்பதை அகவல் பல அடிகளில் விரிக்கும். சீர்களை எண்ணிப் புலவரைத் தரம்பிரிப்பார் உண்டோ?

இக்குறை நோக்கியே, மெய்யான நிரல்களை ஓட்டி நேரத்தை அளக்கும் நெறியை 1988இல் தோன்றிய ஸ்பெக் அமைப்பு வகுத்தது. ஆயினும் அதன் முதற்றொகுதியிலிருந்த மற்றிக்ஸ்300 என்னும் ஒரு நிரலுக்கு மட்டும் பொருந்துமாறு தொகுப்பான்களைச் சிலர் கூர்மைப்படுத்தினர். பொறி மாறாதிருக்கப் புள்ளி பன்மடங்கு உயர்ந்தது. வினாத்தாளை முன்னறிந்து மனனஞ்செய்து வரும் மாணவனை நாம் அறியாதவரல்லேம்! 1992இல் அமைத்த தொகுதியில் அந்நிரல் இடம்பெறவில்லை.

இன்னொன்று, மொழிபெயர்ப்பு. 2020இல் ஆப்பிள் நிறுவனம் தன் எம்1 முறைவழியாக்கியை வெளியிட்டபோது, எக்ஸ்86 நிரல்கள் ரொசெற்றா 2 வழி மொழிமாற்றம் பெற்றே அதில் ஓடின. அவற்றைக்கொண்டு அதன் முழு ஆற்றலை அளத்தல், பிறமொழி பெயர்ப்பிற் படித்துக் கம்பனை மதிப்பிடுதல் போலாம். ஆயினும் ஒருவர் நாடோறும் பயன்படுத்துவது அத்தகைய நிரலேயாயின், அவருக்கு அவ்வளவையே மெய்யளவையாகும்.

தமிழ்நாட்டுச் சான்றொன்றும் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார், யாவர்க்கும் திறந்த ரிஸ்க்-வி கட்டமைப்பைத் தழுவிச் சக்தி என்னும் முறைவழியாக்கியை வடித்தனர். 2018இல் ஒரு சில்லு அமெரிக்காவில் இன்ரெல் ஆலையில் 22 நனோமீற்றர் முறையிலும், மற்றொன்று சண்டிகாரில் 180 நனோமீற்றர் முறையிலும் உருவாயின. கட்டமைப்பு ஒன்றே, வார்த்த உலையே வேறு. ஆகவே விரைவில் வேற்றுமை காணின் கட்டமைப்பின்மேற் பழி சுமத்தலாமோ? சக்தியை இன்ரெல்லின் பெரும்பொறியோடு நிறுத்தி எள்ளுவோரும், பெயரளவில் மகிழ்ந்து வானளாவப் புகழ்வோரும் ஒருதன்மையரே.

நம் கூடத்திற்கு வருவோம். ஓட்டமாவடி வெயிலில், குளிரூட்டி இல்லா அறையில், வெப்பம் மிகுந்தால் முறைவழியாக்கி தன்னைக் காத்தற்பொருட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்ந்த அறையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பெற்ற எண் ஈண்டு உதவாது. எனவே இருவகைப் பொறியிலும் ஒவ்வொன்றை இரவல் பெறுக. நினைவகமும் விலையும் இயன்றவரை ஒத்திருக்கட்டும். உயர்தர வகுப்பினர் எழுதும் பைதன் நிரல்கள், இம்மலரின் பக்க அமைப்பு, இணையப் பாடம் ஆகியவற்றை நண்பகலில் ஒரு மணிநேரம் ஓட்டி, எடுத்த நேரத்தையும் செலவான மின்சாரத்தையும் மாணவரே குறிக்கட்டும். அப்பட்டியல் சங்கச் செயற்குழுவின் முன் வைக்கப்பெறுமுன் எப்பொறிக்கும் பணம் செலுத்தலாகாது என்பதே நம் கருத்து.