யாருடைய இரத்தத்தில் எடுத்த அளவு?

குழந்தை குறைமாதத்தில் பிறந்தால் முதல் பழி தாய்க்குத்தான். "உடம்பைப் பார்த்துக்கலை" என்பார்கள். இப்போது அறிவியலும் தாயின் இரத்தத்தில் விடை தேடுகிறது. தேடட்டும். அந்த விடையை எப்படி வாசிப்பது என்பதில் நமக்கு வேலை இருக்கிறது, தோழர்களே.

37 வாரம் நிறையும் முன் பிறப்பது குறைப்பிரசவம். கர்ப்பிணியின் நஞ்சுக்கொடி சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 16 முதல் 20 வாரத்திலேயே இது கூடுதலாக இருந்த பெண்களுக்குப் பிரசவம் முந்தி நடந்ததை 1995இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். 'நஞ்சுக்கொடிக் கடிகாரம்' என்று பெயரும் வைத்தார்கள். நெருக்கடியில் உடல் சுரக்கும் கார்டிசால், மூளையில் இந்த ஹார்மோனை அடக்குகிறது, நஞ்சுக்கொடியிலோ தூண்டிவிடுகிறது. வெளியுலகின் ஒடுக்குமுறை கருவறைக்குள் நுழைய இது ஒரு வழி.

ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள். கறுப்பினப் பெண்களுக்கு நூற்றுக்குச் சுமார் 14 பிரசவங்கள் குறைமாதத்தில் நடக்கின்றன. வெள்ளையினப் பெண்களுக்குச் சுமார் 9. அப்படியானால் கறுப்பினப் பெண்களிடம் இந்த ஹார்மோன் அதிகமாக இருக்க வேண்டும் அல்லவா? சில ஆய்வுகளில் அவர்களின் சராசரி அளவு குறைவாகவே இருந்தது. வெள்ளையினப் பெண்களை வைத்து ஆபத்து எல்லையை வகுத்தால், அதிக ஆபத்தில் இருப்பவளையே "பயமில்லை, போய் வா" என்று அனுப்பிவிடுவார்கள்.

இது நமக்கும் பாடம். 2020இல் உலகிலேயே அதிகக் குறைப்பிரசவங்கள் நடந்த நாடு இந்தியா. ஏறக்குறைய 30 லட்சம். குருகிராம் அரசு மருத்துவமனையில் 2015 முதல் 'கர்ப்-இனி' என்ற பெரிய ஆய்வு இதற்காகவே நடக்கிறது. இங்குள்ள பெண்களை வைத்தே அளவுகளை உருவாக்குவது வரவேற்கத்தக்கது. ஆனால் 'இந்தியப் பெண்' என்ற சராசரிக்குள் சாதி மறைந்துவிடக் கூடாது. தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்றது ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை. எட்டாம் மாதத்திலும் செங்கல் சூளையில் கல் சுமப்பவளும், கட்டிலில் ஓய்வெடுப்பவளும் ஒரே சராசரிக்குள் அடங்குவார்களா?

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. கர்ப்பகால ஆய்வு முடிவுகளைச் சாதிவாரியாகவும் வெளியிட வேண்டும். ஆபத்து என்று தெரிந்தவளுக்கு அறிவுரையோடு நிறுத்தாமல், கூலியோடு ஓய்வும் சத்தான உணவும் கிடைக்க வேண்டும். கூலி இல்லாத ஓய்வு அவளுக்குப் பட்டினி.

மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளே, வகுப்பில் 'இயல்பான அளவு' என்று ஓர் எண்ணைச் சொன்னால் எழுந்து கேளுங்கள்: இது யாருடைய இரத்தத்தில் எடுத்தது?