கீழ்க்காய்நெல்லி எது?

மாரி தொடங்கியதும் சீனன்குடாவின் வேலியோரங்களிற் கீழ்க்காய்நெல்லி முளைத்துவிடுகிறது. காமாலைக்கு அதனை மோரில் அரைத்துக் கொடுப்பது நம்மவர் வழக்கம். ஆனால், அப்பெயரால் நாம் பிடுங்குவது ஒரே செடியையன்று. ஒன்றின் காய் வழவழப்பானது. சிறு காம்பில் தொங்குவது. மற்றொன்றின் காயோ சொரசொரப்பானது, காம்பின்றி ஒட்டியிருப்பது, தண்டும் பெரும்பாலும் செம்மை பாய்ந்தது.

முதலாவதனை 1988இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர், ஈரலழற்சி 'பி' கிருமியைச் சுமந்தோர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். 37 பேரில் 22 பேரின் குருதியிற் கிருமியின் அடையாளம் மறைந்தது. பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அப்பயன் காணப்படவில்லை. மூலிகையே பொய் என்போரும் உளர். முதற்செய்தியை மட்டும் முழங்குவோரும் உளர். இருவரோடும் எமக்கு உடன்பாடில்லை. எந்தச் செடி, எந்த நோய் என்று கேளாத பேச்சு வைத்தியமாகாது. பித்தக்கல் அடைத்தாலுங் கண் மஞ்சளிக்கும். அப்போது இலையரைத்துக் காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அம்மாணவரை அழைத்து, இரு செடிகளையும் பாடசாலைப் பிள்ளைகளின் கையிலே கொடுத்துக் காட்டச் செய்யலாமே! வரும் மாரியிலேயே ஆசிரியர்கள் இதைத் தொடங்கலாம். செலவு ஒரு சதமுமில்லை.