நடுரோட்டில் முடங்கும் புது லாரிகள்! அரை மணி பொறுக்காத அவசரம். பழி மட்டும் டிரைவர் தலையில்

துறைமுகத்துக்குப் போகும் சாலை. முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரிகள். வரிசை நகரக் காணோம். டிரைவருக்கு எதிரே மஞ்சள் விளக்கு ஒன்று மினுமினுக்கிறது.

"என்னண்ணே இது, புதுசா எரியுது?" என்கிறான் கிளீனர்.

"அது கெடக்குடா. சாவியத் திருப்பிப் போட்டா தானா போயிடும்."

சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் அணைகிறது. விளக்கும் அணைகிறது. ஆனால் வினை அணையவில்லை! இப்படி நாலைந்து தடவை அணைத்த வண்டி, ஒரு நாள் காலை ஆபீஸ் நேரத்தில் பாலத்தின் மேல் ஏறும்போது மூச்சுத் திணறி ஆமை வேகத்துக்கு வந்துவிடும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நகராது. பின்னால் பஸ்ஸில் நிற்பவர்கள் திட்டுவது டிரைவரைத்தான்.

பி.எஸ்.6 லாரிகள் வந்த பிறகு மெக்கானிக் கொட்டகைகளில் அடிபடும் பேச்சு இது.

தேன்கூடு போல ஒரு டப்பா

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 வண்டிகளை மட்டுமே விற்க வேண்டும் என்று 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதற்கேற்ப டீசலில் உள்ள கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்தது 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அதோடு லாரியின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டியும் ஏறியது.

உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் அறைகள். புகை போகும், கரி தங்கிவிடும். நூற்றுக்கு தொண்ணூறு பங்குக்கு மேல் கரி இதில் சிக்கிவிடுகிறது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்ததை நினைத்தால், பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களுக்கு இந்த டப்பா எவ்வளவு பெரிய உபகாரம் என்பது புரியும்.

சிக்கிய கரி எங்கே போகும்? அங்கேயே எரிந்து சாம்பலாக வேண்டும். பாரத்தோடு நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டியில் புகையின் சூட்டிலேயே அது கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். டிரைவருக்குத் தெரியவே தெரியாது. மாதவரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறாது. மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டுச் சும்மா நிற்பது அதைவிட மோசம். சூடு இல்லை, கரி மட்டும் சேரும்.

அப்படிச் சேர்ந்ததும் வண்டியே கொஞ்சம் கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக் கரியை எரிக்கிறது. 20 முதல் 40 நிமிடம் பிடிக்கும். இந்த நேரத்தில்தான் சாவியைத் திருப்பிவிடுகிறார்கள்!

எண்ணெய் கூடினால் ஆபத்து

பாதியில் அணைத்தால் கரி பாதி நின்றுவிடும். அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து டீசல் செலவு. எரியாத டீசல் சில எஞ்சின்களில் சிலிண்டர் வழியே வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தால் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆயில் நீர்த்துப் போய் எஞ்சினே தேய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சிக்னலில் எஞ்சினை அணை என்பது டிரைவர்கள் அரும்பாடுபட்டுக் கற்ற நல்ல பழக்கம். டீசல் மிச்சமாகும், முதலாளி முகம் சிவக்காது. அந்தப் பழக்கம் மற்ற நேரத்துக்குச் சரி. வடிகட்டி எரிகிறபோது மட்டும் கூடாது. இதை அவர்களுக்கு யார் சொன்னது? வண்டியோடு வரும் புத்தகம் முதலாளியின் பீரோவில் தூங்குகிறது. யூரியா தீர்ந்தால் எரியும் விளக்கையும் இந்த விளக்கையும் ஒன்றென்று நினைத்து, யூரியாவை ஊற்றிவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு.

விளக்கு எரிந்தால் என்ன செய்வது? வழி இருந்தால் வெளிவட்டச் சாலை மாதிரி தடையில்லாத சாலையில் அரை மணி சீராக ஓட்டிவிட வேண்டும். அதற்கு வழியில்லை, வண்டியில் தனி சுவிட்ச் இருக்கிறது என்றால், நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்து, சுவிட்சை அழுத்தி நின்ற இடத்திலேயே எரிய விடலாம். ஆனால் இடம் பார்த்து நிறுத்த வேண்டும். காய்ந்த புல், வைக்கோல், பஞ்சு மூட்டை, பெட்ரோல் பங்க் பக்கம் வேண்டவே வேண்டாம். புகைக்குழாய் வாயில் வரும் காற்றே சுட்டுவிடும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

மலிவு ஆயில் இன்னொரு வில்லன். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது. வடிகட்டியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

யார் கொடுப்பது பணம்?

அரை மணி ஓட்ட டிரைவருக்கு மனசு இருந்தாலும் நகரம் விடுகிறதா? பகலில் பல சாலைகளில் கனரக வண்டிகளுக்குத் தடை. துறைமுக வாசலில் வரிசை. "ஏன்டா சுத்திட்டு வர்றே, டீசல் என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்று போனில் முதலாளி. கடைசியில் வடிகட்டி அடைத்துக்கொண்டால் பில் மட்டும் டிரைவரின் பேட்டாவில் கழிகிறது என்றால், அது என்ன நியாயம்? லோடு ஏற்றுகிறவர் அந்த அரை மணியையும் டிரிப் கணக்கில் சேர்த்துக் கொடுப்பதுதான் முறை.

சில பேர் குறுக்கு வழி தேடுகிறார்கள். டப்பாவை உடைத்து வெறும் குழாயாக்கி, கம்ப்யூட்டரையும் ஏமாற்றி விடலாம் என்று காதில் ஓதும் ஆட்கள் இருக்கிறார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, புகை விதியை மீறிய வண்டியை ஓட்டுகிறவருக்கும் ஓட்ட விடுகிறவருக்கும் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அத்தோடு மூன்று மாதத்துக்கு லைசென்சும் போகும். டப்பாவை உடைக்கச் சொன்ன முதலாளி அந்த மூன்று மாதமும் வேறு டிரைவரை வைத்துக்கொள்வார். வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் உட்காருவது ஸ்டியரிங் பிடித்தவர்தான்.