கூரைப் பீலி யார் பொறுப்பு?

பீலி என்றால் தோட்டத்தில் எம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பீலிக்கரைதான். குளிப்பதும் துணி துவைப்பதும் குடம் நிரப்புவதும் அங்கே. இம்மாதம் நாம் எழுத வந்தது வேறொரு பீலியைப் பற்றி. அது லயத்துக் கூரையின் ஓரத்தில் இருக்க வேண்டிய பீலி. பல லயங்களில் அது இல்லவே இல்லை. இருக்கும் இடங்களிலும் துருப்பிடித்து ஓர் ஆணியில் தொங்குகிறது.

சம்பளப் பிரச்சினையும் காணிப் பிரச்சினையும் தீராமல் கிடக்கும்போது பீலிக்கு ஓர் ஆசிரியர் தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஒரு வீட்டுக்கு மேலே உள்ள கூரை 20 அடி நீளம், 12 அடி அகலம் என்று வையுங்கள். ஏறக்குறைய 22 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். "100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை" என்று வானொலியில் சொல்கிறார்களே, அப்படி ஒரு நாள் பெய்தால் அந்த ஒரு வீட்டுக் கூரையிலிருந்து 2,200 லீற்றர் இறங்கும். பெரிய பீப்பாயில் பிடித்தால் பதினொரு பீப்பாய். பத்து வீடுள்ள லயத்துக்கு 110 பீப்பாய்.

பீலி இல்லாவிட்டால் இவ்வளவு தண்ணீரும் சுவரடியில்தான் விழுகிறது. விழுந்த இடம் பள்ளமாகிறது. அத்திவாரக் கல் வெளியே தெரிகிறது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவர் தண்ணீரை உறிஞ்சி, காம்பராவின் உட்பக்கம் வரை நனைகிறது. அந்தச் சுவரோரம்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள். மழைக்காலத்தில் கொப்பிகளைத் திருத்தும்போதே, எந்தப் பிள்ளையின் வீட்டுச் சுவர் நனைந்திருக்கிறது என்பது எமக்குத் தெரிந்துவிடும். மை கலைந்திருக்கும், தாள்கள் ஒட்டியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு இருமலும் இருக்கும்.

லயத்துக்குப் பின்னால் மேடு இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. மேட்டின் அடி ஊறினால் மண் இளகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. ஒரு பீலி அந்த மலையைத் தடுத்திருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் சரிவில் வாழ்கிறவர்கள் தங்கள் காலடியில் விழும் தண்ணீருக்கு ஒரு வழி செய்யாமல் இருக்கக் கூடாது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் பீலியைப் பற்றி யோசிக்க வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

இனி, இது யார் பொறுப்பு?

ஒரு தோட்டத்தில் நடந்த தகராறைத் தீர்த்து வைக்கப் போயிருந்தோம். ஒரு சகோதரி சீட்டுப் பணத்தில் தன் வீட்டு இஸ்தோப்புக்கு மட்டும் பிளாஸ்டிக் பீலி பூட்டியிருந்தார். அதன் முனையிலிருந்து கொட்டிய தண்ணீர் அடுத்த வீட்டு வாசலில் விழுந்தது. "அக்கா, ஒங்க வீடு நனையாம இருக்க எங்க வீடு நனையணுமா?" என்று அடுத்த வீட்டுத் தம்பி கேட்டார். "நான் என்ன செய்ய தம்பி, கட்டித் தாங்கன்னு எத்தன வருசமா கேட்டேன்?" என்றார் அவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. பிழை அவர்கள் இருவரிடமும் இல்லை. லயத்துக்குக் கூரை ஒன்று. அதற்குப் பீலியும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் போட்டால் சண்டைதான் மிஞ்சும்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. நாம் குடியிருக்கும் லயத்துக்கு எம்மிடம் உறுதிப்பத்திரம் இல்லை. அனுமதி கேட்காமல் ஒரு குசினியை நீட்டினால் கடிதம் வருகிறது. எம்முடையது அல்ல என்று சொல்லப்படும் கூரையின் ஓரத்தை மட்டும் எமது நாட்சம்பளத்தில் திருத்தச் சொல்வது நியாயமா? கூரை யாருடையதோ, பீலியும் அவர்கள் பொறுப்பு.

இதில் எமது தவறும் உண்டு. பாதை, தண்ணீர், மலசலகூடம் என்று கோரிக்கைக் கடிதங்கள் எழுதிய நாம், அவற்றில் பீலியைச் சேர்த்ததாக நினைவில்லை. கேட்காததை யாரும் தரப்போவதில்லை.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்துவிட்டது. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கும். பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஒக்டோபர் வரை அவகாசம் உண்டு. அதற்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும், மாதர் அணியையும் சேர்த்துக்கொண்டு, லயம் லயமாக நடந்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். லயத்தின் இலக்கம், பீலியின் நிலை, தண்ணீர் விழும் இடம், சுவரும் பின்மேடும் இருக்கும் நிலை. இந்த நான்கும் போதும். ஒரு பிரதி தோட்ட நிர்வாகத்துக்கு, ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று எமது மாவட்டக் காரியாலயத்துக்கு. பெற்றுக்கொண்டதாகத் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு மழையோடு போய்விடும்.

வேலை தொடங்கினால் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய லயத்தின் கூரை விளிம்பு தொய்ந்திருக்கும். அதை ஒட்டிப் பீலி பூட்டினால் நடுவில் தண்ணீர் தேங்கும். மட்டம் பார்த்து நூல் கட்டி, 10 அடிக்கு அரை அங்குலமாவது சரிவு கொடுக்க வேண்டும். தாங்கிகளுக்கு இடையே இரண்டு, இரண்டரை அடிக்கு மேல் போகக் கூடாது. உக்கிய மரத்தில் ஆணி நிற்காது, மரத்தை முதலில் மாற்றச் சொல்லுங்கள். நீண்ட லயத்துக்கு ஒரு முனையில் ஒரு குழாய் மட்டும் போதாது. 40 அடிக்கு ஒன்றாவது வேண்டும். அந்தக் குழாய் சுவரடியில் முடியாமல் கானுக்குள் இறங்க வேண்டும். கான் அடைபட்டிருந்தால் பீலி போட்டும் பயனில்லை.

புது வீடு பெறுகிறவர்களும் சாவியை வாங்கும் முன் பீலியையும் கானையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் வீட்டுத் தண்ணீர் கீழ் வீட்டின் மேட்டில் விழக்கூடாது.

பீலி பூட்டிய பிறகு அதைத் துப்புரவாக வைத்திருப்பது எமது வேலை. இதில் நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது. சருகு அடைத்தால் தண்ணீர் வழிந்து மறுபடியும் சுவரில்தான் இறங்கும். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் தேங்கிய தண்ணீர் டெங்கு நுளம்பையும் வளர்க்கும். மாதம் ஒரு ஞாயிறு லயத்து இளைஞர்கள் சேர்ந்தால் காலையிலேயே முடிந்துவிடும். ஆனால் அஸ்பெஸ்டஸ் சீட்டின் மேல் யாரும் ஏற வேண்டாம், அது ஆள் பாரம் தாங்காது. ஏணியை இன்னொருவர் பிடிக்க, மின்சாரக் கம்பிக்கு எட்டி நின்று செய்யுங்கள்.

சொந்தக் காணியில் சொந்த வீடு என்ற எமது கோரிக்கையில் மாற்றம் இல்லை. லயத்தில் பீலி கேட்பது லயத்தோடு திருப்திப்பட்டுவிட்டோம் என்று அர்த்தமாகாது. அந்த வீடு கிடைக்கும் வரை பிள்ளைகள் இந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்கிறார்கள். அவர்கள் ஈரம் படாமல் படுக்க வேண்டும். பட்டியலை இந்த வாரமே தொடங்குங்கள்.