மன்னார்க் கரையோர இளைஞரும் வாசிப்பும்: ஒரு மறுப்புரை

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் இலங்கையின் பாடசாலைகளிலும் பொது நூலகங்களிலும் தேசிய வாசிப்பு மாதம் கொண்டாடப்படுகின்றது. பதாகைகள் கட்டப்படுகின்றன. கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடைபெறுகின்றன. பரிசளிப்பு விழாவிலே தலைமை தாங்குவோர், இக்காலத்து இளைஞர் வாசிப்பதில்லை என்று மனம் வருந்துகின்றனர். நவம்பர் பிறந்ததும் பதாகை அவிழ்க்கப்படுகின்றது. மன்னார் மாவட்டமும் இவ்வழக்கத்துக்கு விலக்கன்று. அங்கே இப்பொது முறைப்பாட்டோடு இன்னுமொன்றும் சேர்த்துக் கூறப்படுவதுண்டு. கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் புத்தகத்துக்கும் நெடுந்தூரம், அப்பழக்கம் அவர்தம் பரம்பரையிலே இல்லாதது என்பதே அது. வாய்விட்டுக் கூறுவோர் சிலர். மனத்துள் வைத்திருப்போர் பலர்.

இது வரலாற்றை அறியாதார் கூற்று. தமிழெழுத்திலே அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் முதலாவதாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 ஆம் ஆண்டிலே கொல்லத்திலே பதிப்பிக்கப்பட்டது. பதினாறே பக்கங்கொண்ட சிறு நூல் அது. அடுத்த ஆண்டிலே கொச்சியிலிருந்து ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1586 இலே ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூல் வந்தது. இவற்றைத் தமிழுக்குத் தந்த என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் முத்துக்குளித்துறையிலே ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தவர். 1560 இலே போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்துப் புன்னைக்காயல் பரதவர் பலரை அங்கே குடியேற்றியபின் மன்னாரிலும் பணிபுரிந்தவர். அந்நூல்கள் எவரை நோக்கி எழுதப்பட்டன? அரசவைப் புலவரை நோக்கியா? மடங்களிலிருந்த பண்டிதரை நோக்கியா? மன்னார்க் குடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த பரதவரை நோக்கியே அவை எழுதப்பட்டன. அச்சுச் செலவுக்குப் பொருள் உதவியோரும் அவர்களே. நூல்களின் நோக்கம் மறைபரப்பு என்பது மெய்தான். ஆயினும், தமிழ் அச்சு தன் முதல் வாசகராகக் கொண்டது கடலோடிகளை என்ற உண்மை அதனாற் பொய்யாகிவிடாது. ஏனைய தமிழ்ச் சாதிகள் அச்சுப் புத்தகத்தின் முகத்தையே காணாத காலத்தில் நிகழ்ந்தது இது.

அப்பரதவருள் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று ஒருவர் கேட்கலாம். அக்கேள்வியே விடயத்தின் உள்ளீட்டுக்கு இட்டுச் செல்கின்றது. வாசிப்பு என்றால் ஒருவன் தனியறையிலே மௌனமாகப் பக்கம் புரட்டுதல் என்று இன்று கருதப்படுகின்றது. இக்கருத்து மிக அண்மைக் காலத்தது. ஈழத்துச் சைவக் கோயில்களிலே கந்தபுராணத்தை ஒருவர் படிக்க இன்னொருவர் பயன் சொல்லுவார், ஊர் கேட்டிருக்கும். முஸ்லிம் ஊர்களிலே சீறாப்புராணம் இசையோடு படித்துப் பொருள் கூறப்பட்டது. கத்தோலிக்க ஊர்களிலே தவக்காலம் வந்தால் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ உருக்கமான இசையிலே வாசிக்கப்பட்டது. கோவாவிலே பிறந்து 1705 இலே இலங்கைக்கு வந்த கொங்கணியர் ஒருவர் எழுதிய தமிழ், எழுத்தறியாத மீனவப் பெண்ணின் வாயிலே மனப்பாடமாயிற்று. அவள் வாசகி இல்லை என்று கூறுவார் யாவர்?

கூத்தினை எடுத்துக்கொள்வோர்க்கு இவ்வுண்மை இன்னுந் தெளிவாகப் புலப்படும். மன்னார், மாதோட்டப் பகுதிகளின் நாடகங்களும் வாசகப்பாக்களும் ஏட்டிலிருந்து பிறந்தவை. அண்ணாவியாரின் கையிலே முன்னர் ஓலையேடு இருந்தது. பின்னர் கொப்பி வந்தது. அவர் ஓர் அடியைப் படிப்பார்; நடிப்பவன் அதனைத் திருப்பிச் சொல்லுவான். பகலிலே வலையிழுத்தவனும் வயலுழுதவனும் இரவிலே வந்து மாதக்கணக்காகப் பழகினர். தன் பாத்திரத்துக்குரிய விருத்தமும் தருவும் கொச்சகமும் மட்டுமன்றி, அடுத்தவன் பாட்டுகளும் அவனுக்குப் பாடமாகும். பழக்கத்தைப் பார்க்கக் கூடியிருந்த சிறுவருக்கும் பாடமாகும். நூறு நூறு அடிகள்! இன்று க.பொ.த. உயர்தரத்திலே தமிழை ஒரு பாடமாகக் கற்று வெளியேறும் மாணவனுக்கு எத்தனை அடிகள் நினைவிலே நிற்கின்றன? சொல்லின் ஓசை, அணி, உவமை, கதைப்பின்னல், பாத்திரத்தின் குணவேறுபாடு ஆகிய யாவற்றையும் அவ்வூர் இளைஞன் அங்கேதான் அறிந்தான். நூலொன்றிலே ஊறிக்கிடத்தல் என்பது வேறு யாது?

பேராசிரியர் சு. வித்தியானந்தன் இவ்வேடுகளின் பெறுமதியை உணர்ந்து 1964 இலே ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’, 1966 இலே ‘மூவிராசாக்கள் நாடகம்’, 1967 இலே ‘ஞானசவுந்தரி நாடகம்’ என்பவற்றைப் பதிப்பித்தார். ‘மன்னார் நாட்டுப் பாடல்கள்’ என்னும் தொகுப்பும் 1964 இலே அவரால் வெளிவந்தது. பல்கலைக்கழகம் ஊரை நோக்கிச் சென்ற காலம் அது.

இத்தகைய கேட்போர் கூட்டம் எவ்வாறு கலைந்தது? பரீட்சையே முதற் காரணம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலிலே தொடங்கி உயர்தரம் வரையும் பிள்ளை படிப்பது கடந்தகால வினாத்தாளையும் வினாவிடைக் கொத்தையுமே. காலையிலே பாடசாலை, மாலையிலே தனியார் கல்வி நிலையம், சனி ஞாயிறுகளிலும் அதுவே. பாடத்திட்டத்திலே இல்லாத நூல் ஒன்றுடன் காணப்படும் பிள்ளையைப் பார்த்து, “சோதினைக்கு வருமா?” என்று வினவாத பெற்றோர் அரியர், வினவாத ஆசிரியர் அவரினும் அரியர். பதினொரு மாதம் இக்கேள்வியைக் கேட்டுவிட்டுப் பன்னிரண்டாம் மாதத்திலே மேடையேறி வாசிப்பின் இன்பத்தைப் பற்றிப் பேசுதல் நகைப்புக்குரியது. மன்னார் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக வகுக்கப்பட்டிருப்பதால் அங்கிருந்து வரும் மாணவர்க்குப் பல்கலைக்கழக அனுமதியிலே ஒதுக்கீடு உண்டு. உள்ளே வந்தபின் அவர்க்கு வாசிப்பறிவு போதாது என விரிவுரையாளர் குறைகூறுவர். அனுமதிக்கான வெட்டுப்புள்ளி குறைக்கப்பட்டதே தவிர, அம்மாவட்டத்துப் பிள்ளையின் கைக்கு நூல் சேர்க்கப்படவில்லை என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது காரணம் போர். 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும், ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரானதையும் உலகம் அறியும். அது பற்றிக் கவிதையும் கட்டுரையும் நிறைய உண்டு. மன்னாரின் சிறு வாசிகசாலைகளுக்கோ சனசமூக நிலையங்களுக்கோ அழுவாரில்லை. ஒரு மேசை, இரண்டு வாங்கு, சில நாளிதழ், ஓர் அலுமாரி. அவ்வளவே அவற்றின் உடைமை. எனினும் பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்க மற்றையோர் கேட்டு வாதிட்ட இடம் அது. 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி மக்கள் உடுத்த துணியோடு புத்தளத்தையும் கற்பிட்டியையும் நோக்கிச் சென்றனர். தோணியிலே அலுமாரியை ஏற்றிச் செல்வார் எவர்? இப்போதைய வாசிப்பு மாதமும் அதே ஒக்டோபர்தான் என்பதை விழா நடத்துவோர் எவரும் நினைப்பதாகத் தெரியவில்லை. பேசாலை, தலைமன்னார் மக்கள் பலர் கடல்கடந்து இராமேசுவரம் சென்றனர். 2007, 2008 ஆம் ஆண்டுகளிலே அடம்பன், மடு, விடத்தல்தீவுப் பகுதி மக்கள் வன்னிக்குள் ஓடினர். மீண்டு வந்தோர்க்கு வீடு கட்டப்பட்டது; வீதி போடப்பட்டது. வாசிகசாலைக் கட்டடமும் சில ஊர்களிலே எழுந்தது. கட்டடம் எழுந்தால் வாசகரும் எழுவர் என்று திட்டமிட்டோர் எண்ணினர் போலும்.

கைத்தொலைபேசியே இளைஞரைக் கெடுத்தது என்ற வாதம் இன்று எங்கும் கேட்கின்றது. முன்னர் சினிமாவின்மீதும், அதன்பின் தொலைக்காட்சியின்மீதும் இப்பழி போடப்பட்டது. அச்சிலே வந்த நாவலையே கேடு என்ற பெரியோரும் இருந்தனர். பொழுதைத் தின்னும் கருவி அது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயின், 2005 இலே தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பெருந்தொகையாக விலையின்றி அதே கருவிக்குள் கொண்டுவந்து வைத்திருக்கின்றது. வங்காலையிலுள்ள ஒரு பிள்ளை ஈழத்துப் பழைய சஞ்சிகையொன்றைத் தன் திண்ணையிலிருந்தே திறக்கலாம். அதனை அப்பிள்ளைக்குச் சொன்ன ஆசிரியர் எத்தனை பேர்? 2022 இலே கடதாசித் தட்டுப்பாட்டாற் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாடு இது. 2024 இலே நூல்களுக்கும் நூற்றுக்கு 18 வீதம் பெறுமதிசேர் வரி விதித்த நாடு இது. கையிலுள்ள கருவியைப் பழிப்பது எளிது; நூலின் விலையைப் பற்றி அமைச்சரிடம் கேட்பது கடினம்.

‘நல்ல நூல்’ என்னும் தொடரையும் சற்று ஆராய்தல் தகும். பெரியோர் பரிந்துரைக்கும் நூல்கள் பெரும்பாலும் தலைவர் வரலாறும் அறிவுரைக் கோவையுமாகவே இருக்கின்றன. பாடசாலையிலே பரிசாகக் கிடைக்கும் நூல் பிரிக்கப்படாமலே அலுமாரியிற் கிடப்பது இதனாலேயே. பேசாலை இளைஞனுக்கு அவனது கடலை, அவனது பேச்சை, அவனது ஊர்ப் பகையை எழுத்திலே காட்டுக. அவன் வாசிக்கின்றானா இல்லையா என்று பின்னர்த் தீர்ப்புக் கூறலாம். எஸ். ஏ. உதயனின் ‘லோமியா’, ‘தெம்மாடுகள்’, ‘வாசாப்பு’ ஆகிய நாவல்கள் மன்னார் மண்ணிலிருந்து வந்தவை. மாவட்டத்துப் பாடசாலை நூலகங்களிலே இவற்றின் பிரதிகள் எத்தனை உள என்று அதிபர்கள் எண்ணிப் பார்ப்பாராக. காதற்கதையும் துப்பறியும் கதையும் கேடு என ஒதுக்குவாரும் உளர். அவற்றினூடாகப் புதுமைப்பித்தனிடம் வந்து சேர்ந்தவர் தொகை, அறிவுரைக் கோவையினூடாக வந்து சேர்ந்தவர் தொகையினும் மிகப் பெரிது என்பது தமிழ் வாசகர் எவர்க்குந் தெரிந்ததே.

நூலகங்களின் நிலையை நோக்குக. பிரதேச சபை நூலகங்கள் பெரும்பாலும் அலுவலக நேரத்தையொட்டியே திறந்திருக்கின்றன. அந்நேரத்திலே மாணவன் வகுப்பிலும் தொழிலாளி கடலிலும் இருக்கின்றனர், அல்லது இரவுத் தொழில் முடித்து உறங்குகின்றனர். இரவல் பெறுவதற்கு அங்கத்துவம் வேண்டும். அதற்குப் பிணையாளி வேண்டும். படிவத்திலே ஒப்பம் வேண்டும். நூலைக் காப்பதற்கே நூலகம் என்ற எண்ணம் இவ்விதிகளிலே தெரிகின்றது. சீர்காழியிலே பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931 இலே வெளியிட்ட ‘நூலக விஞ்ஞானத்தின் ஐந்து விதிகள்’ இதனை அன்றே தலைகீழாக்கிற்று. நூல் பயன்படுத்துவதற்கே என்பதே அவருடைய முதல் விதி. அதே ஆண்டிலே மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலே கனகசபைப்பிள்ளை என்னும் பொறியியலாளர் மாட்டுவண்டியிலே நூல்களை ஏற்றி ஊரூராக அனுப்பினார். வாசகன் வரவில்லை என்று அவர் முறையிட்டுக்கொண்டிருக்கவில்லை. வண்டி போயிற்று. மன்னார்த் தீவின் நீளம் முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடும். அதற்கு ஒரு வண்டியை ஓட்டுவது இயலாத செயலா?

இங்குப் பல்கலைக்கழகத்தாரும் தப்பிவிட முடியாது. அறுபதுகளிலே மன்னாரின் ஏடுகள் அச்சேறின, அப்பணி போற்றற்குரியது. அதன்பின் அவ்வச்சு நூல்களை ஆராய்ந்து பட்டம் பெற்றோர் உண்டு. கருத்தரங்கு நடத்தினோர் உண்டு. அவற்றைக் கொடுத்த ஊர்களுக்குத் திரும்பிச் சென்று ஓர் இரவு உரத்து வாசித்தோர் உண்டா? தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன. மண்டப அலங்காரத்துக்கும் பொன்னாடைக்கும் பணம் சேர்க்கின்றன. அதிலே ஒரு பகுதி ஒரு பெட்டி நூலுக்குப் போதும். விடுமுறைக்கு மன்னார் செல்லும் மாணவர் அப்பெட்டியைத் தம்மோடு கொண்டுசெல்லலாம். தொழிலுக்குப் போகாத நாளின் மாலையிலே, கோயில் முன்றிலிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ வாடியிலோ இருந்து ஒருவர் வாசிக்கலாம். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், தலைமையுரை முற்றாக வேண்டாம். வர இயலாதவனுக்கு அவ்வாசிப்பின் ஒலிப்பதிவை அவன் தொலைபேசிக்கே அனுப்பலாம். பழிக்கப்பட்ட கருவி அப்பணிக்காவது உதவட்டும். முதலில் எதனை வாசிப்பது என்று எவரேனும் குழு அமைக்கப் புறப்படுவாராயின், அது தேவையற்ற வேலை. எண்டிறீக்கு எம்பரதோரிலிருந்து தொடங்கலாம். அடுத்த நூலைக் கேட்டிருப்போர் கேட்பர்.